மூணு நாள் காய்ச்சல்

“சாதாரணக் காய்ச்சல்தான், மூணு நாள்ல போயிடும்.” போன ஐப்பசி மழையில் ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் சொல்லப்பட்ட வார்த்தை இது. சொல்லப்பட்டது நம் தோழர் ஒருவரின் தம்பிக்கு. அவருக்குள் நாலு வருடமாக வேலை செய்துகொண்டிருப்பது அம்மா கொடுத்த சிறுநீரகம். அதையும் சொல்லித்தான் பார்த்திருக்கிறார்கள். பாராசிட்டமால் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் மூச்சு வாங்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்ஃபுளுயன்சா. நுரையீரலில் இறங்கிவிட்டது. பிழைத்துவிட்டார். ஆனால் ஏறிய கிரியாட்டினின் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

ஏன் இப்படி? மாற்று உறுப்பை உடல் தன்னுடையதாக ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. 1954-ல் பாஸ்டனில் வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்று, ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கு இடையில் நடந்தது. அதனால் தப்பித்தது. மற்ற எல்லோருக்கும் ஆயுசு முழுக்க மாத்திரைதான்: டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசலோன். இவை உடலின் எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே அடக்கி வைக்கின்றன. (உடல் அந்நியனை ஏற்க மறுக்கிறது என்றதும் நம்மில் சிலருக்கு உவமை பீறிட்டுக்கொண்டு வரும். வேண்டாம் தோழர்களே. நோயாளியின் உடல் நம் கவிதைக்குக் கச்சாப்பொருள் அல்ல.) அடக்கி வைத்த உடலுக்குள் ஃபுளூ வைரஸ் நுழைந்தால் வாரக்கணக்கில் தங்கிவிடும். காய்ச்சல்கூடச் சரியாக அடிக்காது. காய்ச்சல் என்பதே உடல் திருப்பி அடிப்பதுதானே. ‘உடம்பு சுடல, ஒண்ணுமில்ல’ என்று நினைக்கிற நேரத்தில் நிமோனியா வந்து நிற்கும்.

2009-ல் பன்றிக் காய்ச்சல் உலகைச் சுற்றியபோது, மாற்று உறுப்போடு வாழ்ந்து நோயில் விழுந்த 237 பேரைப் பல மருத்துவமனைகளின் மருத்துவர்கள் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 71 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 16 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். 4 பேர் செத்தார்கள். அதே கணக்கு இன்னொன்றையும் சொன்னது: வைரசை எதிர்க்கும் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் பெற்றவர்கள் தீவிர சிகிச்சைக்குப் போனது மிகக் குறைவு. அந்த மருந்தின் பெயர் ஒசெல்டமிவிர். சோதனை முடிவு வரட்டும் என்று இவர்களைக் காக்க வைக்கக்கூடாது, சந்தேகம் வந்தவுடனே தொடங்கணும் என்பதுதான் மருத்துவ விதி. சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்லணும். பயந்துபோய் மாற்று உறுப்புக்கான மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து, உறுப்பே போய்விடும்.

இதற்கெல்லாம் முன்னால் தடுப்பூசி. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் வருசா வருசம் போடணும். ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அதனால் ஃபுளூ வராது. மூக்கில் அடிக்கும் உயிருள்ள வைரஸ் மருந்து மட்டும் இவர்களுக்குக் கூடாது. எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடம்பில் ஊசி முழுசாக வேலை செய்யாது என்பதும் உண்மை. அதனால்தான் வீட்டில் கூட இருப்பவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்ளணும் என்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல். மழுப்பாமல் பேசுவோம். இருமலிலும் தும்மலிலும் தொட்ட கையிலும் பரவுகிற நோய் இது. இருமுகிறவர் இவரிடமிருந்து தள்ளித்தான் இருக்கணும். ‘தள்ளி நில்லு’ என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சனங்களிடம் இதை எப்படிச் சொல்வது? 2020-ல் ‘சமூக இடைவெளி’ என்றபோதே நமக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. சாதி வைக்கும் தூரம் பிறப்பைப் பார்த்து, சாகும்வரைக்கும். இது சளி பிடித்தவர் சில நாள் தானாக ஒதுங்குவது. ஒதுங்க வேண்டியது நோயாளி அல்ல, நாம். முகமூடி போட்டுக் கல்யாண வீட்டுக்கு வருகிறவரை ‘பெரிய இடத்துப் பவுசு’ என்று கிண்டல் அடிக்கிற பழக்கம் நம்ம தெருவிலும் இருக்கிறது. அதை முதலில் விடுவோம். சரி, ஒத்தை அறை வீட்டில் எங்கே போய் ஒதுங்குவது? அந்த வீட்டுக்குத்தான் ஊசி முதலில் போகணும்.

போகிறதா? தமிழ்நாட்டில் 2008-லிருந்து மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை முறைப்படி பகிர்ந்து கொடுக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைகளுக்கும் மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. இதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். வில்லிவாக்கத்துக் குடிசைகளில் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற பெண்களின் வயிற்றுத் தழும்புகளை மறந்துவிடவில்லை. 1994-ன் சட்டம் வருவதற்கு முன் ஏழைக்கு இந்த மருத்துவத்தில் கிடைத்த இடம் விற்கிறவருடைய இடம் மட்டும்தான். இன்று பெறவும் முடிகிறது. (குடும்பத்துக்குள் கொடுப்பவர் பெரும்பாலும் பெண், பெறுபவர் பெரும்பாலும் ஆண் என்பது மட்டும் மாறவில்லை. அதைத் தனியாகப் பேசணும்.)

ஆனால் லட்சக்கணக்கில் செலவழித்து வைத்த சிறுநீரகத்தைக் காக்கிற ஃபுளூ ஊசி, தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. வெளியே ஒரு ஊசி ஆயிரம் ரூபாய்க்கு மேல். கூலிக்காரர் வீட்டில் ஐந்து பேர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காசுள்ளவருக்கு அவருடைய மருத்துவரே ஞாபகப்படுத்திப் போட்டுவிடுகிறார். நம்ம ஆளுக்கு அப்படி ஒரு ஊசி இருப்பதே மூச்சுத் திணறிய பிறகுதான் தெரிகிறது. சென்னையிலும் வேலூரிலும் ஃபுளூ தலைதூக்குவது ஐப்பசி, கார்த்திகை மழையில். மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகிற அதே இடத்தில் புரட்டாசி மாதத்திலேயே இலவசமாக ஊசி போடணும், நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும். ‘மாற்று உறுப்பு பெற்றவர், காய்ச்சல், இருமல் என்றால் காக்க வைக்காதே’ என்று எழுதிய அட்டை ஒன்றும் கையில் கொடுக்கணும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செல்லுபடியாகிற மாதிரி. மாணவத் தோழர்கள் இந்தக் கோரிக்கையோடு அந்தந்த மாவட்ட அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளரைப் பார்க்கலாம். போகும்போது உங்கள் பகுதியில் டயாலிசிஸ் முடித்து மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களே பேசட்டும்.

தோழரின் தம்பி இப்போது அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்குப் போய்வருகிறார். வருகிற புரட்டாசியில் வீட்டில் ஐந்து பேருக்கும் ஊசி போட்டுவிடணும் என்று அம்மா சீட்டு கட்டிக்கொண்டிருக்கிறார்.