மாட்டை எடு என்கிறோம், எந்த வழியால்?

காலபோகம் தொடங்குவதற்கு முன்னர் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர்களும் திணைக்கள அதிகாரிகளும் ஒன்றாக இருந்து பயிர்ச்செய்கைக் கூட்டம் நடத்துவார்கள். விதைப்புத் தொடங்கும் நாள், முடிக்கும் நாள், எந்த வயது நெல், வாய்க்கால் துப்புரவு, தண்ணீர் திறப்பு எல்லாம் அங்கே தீர்மானமாகும். அவற்றோடு இன்னொரு திகதியும் குறிக்கப்படும். வயல்வெளிகளில் நிற்கும் கால்நடைகளை அப்புறப்படுத்த வேண்டிய கடைசித் திகதி அது. அதற்குப் பிறகு வயலுக்குள் நிற்கும் மாடு கட்டாக்காலி. அதைப் பிடித்துக் கட்டலாம், தண்டம் அறவிடலாம்.

அந்தத் திகதி கட்டாயம் வேண்டும். ஒரு சாண் வளர்ந்த நெல்லுக்குள் ஒரு பட்டி மாடு ஓர் இரவு இறங்கினால் அந்தக் குடும்பத்தின் போகமே போய்விடும். ஆனால் அந்தக் கூட்டக் குறிப்புகளில், எடுக்கிற மாட்டை எங்கே கொண்டுபோவது, எந்த வழியால் சாய்த்துப் போவது என்று ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை. ஐம்பது மாட்டுக்காரரும் நூறு மாட்டுக்காரரும் அந்தக் கேள்வியைத் தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல வேளைகளில் அவர்கள் அதை இரவில், யாரோ ஒருவரின் காணிக்குள்ளால் தீர்க்கிறார்கள். விடிந்ததும் வேலி அறுந்திருக்கிறது, சண்டை தொடங்குகிறது.

இரணைமடுவின் நிலத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனகராயன் ஆறு வன்னிக் காடுகளுக்குள்ளால் வடக்கே வந்து இந்தக் குளத்தில் தேங்குகிறது. மிஞ்சுவது சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போய்ச் சேர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வேலை தொடங்கி 1920களின் தொடக்கத்தில் கட்டி முடித்த குளம் இது. பலமுறை உயர்த்தப்பட்டு, கடைசியாகக் கடந்த பத்தாண்டில் நடந்த புனரமைப்பில் 34 அடி மட்டம் 36 அடியானது. இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் இதன் கீழ் விளைகிறது. வட மாகாணத்தில் இதைவிடப் பெரிய குளம் இல்லை.

குளத்துக்கு அணைக்கட்டும் துரிசும் வான்கதவும் மட்டும் போதாது. அலைகரையும் உண்டு. தண்ணீர் ஏறி இறங்கும் அந்தப் பக்கத்தில், நீர் வற்ற வற்றப் புல் பச்சையாகப் பின்தொடரும். யாருக்கும் உறுதி எழுதப்படாத, அரசுக்குரிய நிலம் அது. வறண்ட மாதங்களில் இந்தப் பகுதி மாடுகளின் உயிர் அங்கேதான் கிடக்கிறது. காலபோகத்தில் நிலைமை தலைகீழாகும். மாரி மழையில் குளம் நிறைய, அலைகரை தண்ணீருக்குள் போய்விடும். கீழே வயலெல்லாம் விதைத்திருக்கும். அப்போது பட்டிகள் காட்டோரத்துக்கும் மேட்டு நிலத்துக்கும் தரவைக்கும் போக வேண்டும். சிறுபோகத்தில் குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து ஒரு பகுதி வயல்தான் விதைக்கப்படும் என்பதால், விதைக்காத வயலும் அலைகரையும் மாட்டுக்குக் கிடைக்கும். ஆக, வருடத்துக்கு இரண்டு தடவை பட்டிகள் இடம் மாற வேண்டியிருக்கிறது. மட்டம் இரண்டு அடி உயர்ந்தபோது அலைகரையின் புல்லும் அந்த அளவுக்குச் சுருங்கியது. பயிருக்குக் கூடுதல் தண்ணீர் கிடைத்தது நல்லதே. ஆனால் புல் குறைந்த கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்த இடமாற்றத்துக்கு ஒரு காலத்தில் வழிகள் இருந்தன. வரைபடத்தில் அவை இருந்தனவா என்பது வேறு விடயம். காலடி பட்டுத் தேய்ந்த தடங்களாக, வாய்க்கால் ஓரமாக, பகிர்ந்தளிக்காத காடுகளுக்குள்ளால் அவை கிடந்தன. வயல்காரரும் மாட்டுக்காரரும் பெரும்பாலும் ஒரே வீட்டில் இருந்தார்கள், அல்லது சம்பந்தி வீட்டில் இருந்தார்கள். அறுவடை முடிந்த வயலில் பட்டி அடைத்து எருவேற்றுவதற்கு மாட்டுக்காரரைத் தேடிப்போய்க் கேட்ட காலம் அது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மாட்டெருவுக்கு அலைந்ததை இங்கே எந்தக் கமக்காரரும் மறந்திருக்க மாட்டார்.

பிறகு போர். 2008இன் கடைசி மாதங்களில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது சனங்கள் பட்டிகளைத் திறந்துவிட்டுத்தான் போனார்கள். குறிசுட்ட மாடுகள் காடேறின, செத்தன, யார் யாருடையதோ ஆகின. அடுத்த ஆண்டுகளில் திரும்பி வந்தவர்கள் வெறும் நிலத்தில் முதலில் செய்தது எல்லை போடுவதுதான். ஓலை வேலியும் அலம்பல் வேலியும் இருந்த இடத்தில் சீமெந்துத் தூணும் முள்ளுக்கம்பியும் வந்தன. அதில் குற்றம் காண எவருக்கும் உரிமையில்லை. அனுமதிப்பத்திரம் கையில் இருந்தும் நாலைந்து தடவை துரத்தப்பட்ட ஒருவருக்கு அந்தக் கம்பிதான் ‘இது என் நிலம்’ என்பதற்குச் சாட்சி. ஆனால் ஓலை வேலியில் ஒரு கடப்பு இருந்தது. மனிதர் தாண்டுவார், தேவைப்பட்டால் இரண்டு கதியாலைப் பிடுங்கி மாட்டை விட்டு மறுபடி நடுவார்கள். முள்ளுக்கம்பியில் கடப்பு இல்லை.

தனியார் வேலி மட்டும் என்றால் பேசித் தீர்த்திருக்கலாம். மறுபக்கத்தில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கற்கள் நிற்கின்றன. படை முகாம்கள் பிடித்திருக்கும் நிலம் இருக்கிறது. 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் காரணம் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், பொதுநிலம் நடுவில் கிடக்கிறது, அதற்குப் போகும் வழி ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு துண்டாக அடைபட்டிருக்கிறது. இந்த நாட்டு நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அரசுக்குரியது என்று சொல்லப்படுகிறது. அந்த நாட்டில் ஒரு பட்டி மாட்டுக்கு நடக்க இடமில்லை.

விளைவுகளை ஏ9 வீதியில் இரவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். சூடான தாரில் மாடுகள் படுத்திருக்கும். மோட்டார் சைக்கிள்காரர் விழுகிறார், மாடும் சாகிறது. ரயில் பாதையில் அடிபடும் மாடுகளின் செய்தி வருடந்தோறும் வருகிறது. வாய்க்கால் கட்டுகள் குளம்புபட்டு இடிகின்றன. வெட்டுக்காயத்தோடு வீடு திரும்பும் பசுக்களும் உண்டு. பன்றிக்கென்று களவாக இழுத்த மின்கம்பியில் மாடு சாகும், சில நேரம் மனிதரும் சாகிறார்கள். வழியில்லாத இடத்தில் ஆளுக்கொரு வழி தேடியதன் விலை இது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 1876இன் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் பிறர் நிலத்தில் நுழையும் மாட்டைப் பிடிக்கவும் நட்டம் கேட்கவும் இடம் தருகிறது. அது நமக்கு நன்றாகத் தெரியும், ஒவ்வொரு போகமும் நினைவுக்கு வரும். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைத்தான் மறந்துவிட்டோம். குடியேற்றக் காணிகளின் அனுமதிப்பத்திரங்கள் எல்லாம் பிறந்த சட்டம் அது. அரச நிலத்தை எந்தெந்தத் தேவைகளுக்கு ஒதுக்கி வரைபடம் போடலாம் என்று சொல்லும் அதன் பட்டியலில், கிராம விரிவாக்கத்துக்கும் கிராமக் காட்டுக்கும் அடுத்ததாகக் கிராம மேய்ச்சல் நிலம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் கொடுத்த அதே சட்டம் மேய்ச்சல் நிலத்தையும் நினைத்திருந்தது. முதல் பாதியை நிறைவேற்றி இரண்டாம் பாதியைக் கைவிட்டிருக்கிறோம்.

வழியுரிமை விடயத்திலும் நம்மிடம் பழைய ஏற்பாடு உண்டு. இந்த நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம் பிறர் காணிக்குள்ளால் செல்லும் உரிமையை மூன்று படியாகப் பிரித்து அறியும். நடந்து போவது ஒன்று. மாடு சாய்த்துப் போவது இன்னொன்று. வண்டி ஓட்டிப் போவது மூன்றாவது. மாட்டுக்கென்று தனியாக ஒரு படி வைத்த சட்டத்தின் கீழ் வாழ்ந்துகொண்டு, மாட்டுக்கு வழி கேட்பதை வேண்டாத தொல்லையாகப் பார்க்கிறோம். நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் பாதை வழக்கு வருடக்கணக்கில் நீளும். தீர்ப்பு வரும் நாளில் வழக்குப் போட்டவரிடம் மாடு இருக்காது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் கம்பனிகளுக்கு நிலம் கொடுத்தபோது ஒரு சதுரம் கம்பனிக்கு, அடுத்த சதுரம் அரசுக்கு என்று சதுரங்கப் பலகைபோலப் பிரித்துக் கொடுத்தார்கள். இதனால் அங்கே பொதுநிலச் சதுரங்களைத் தனியார் பண்ணைகள் சுற்றி வளைத்திருக்கின்றன. நான்கு வேட்டைக்காரர்கள் இரண்டு பொதுச் சதுரங்கள் மூலையோடு மூலை முட்டும் இடத்தில், தனியார் மண்ணில் கால் படாமல், ஏணி வைத்துத் தாண்டினார்கள். பண்ணைக்காரர் எதிர்த்தார், அத்துமீறல் வழக்கு வந்தது. 2022இல் ஜூரி அவர்களை விடுவித்தது. பண்ணை உரிமையாளர் போட்ட சிவில் வழக்கில் 2025 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர் பக்கமே நின்றது. அந்த ஆண்டு ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் தொட மறுத்தது. பொதுநிலத்தை வேலியால் மறித்து வைத்திருப்பதைத் தடுக்க 1885இல் செய்த ஒரு சட்டம் அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை. ஓர் ஏணிக்கு அவர்களுக்கு நான்கு வருடம் எடுத்தது. நமக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டம் இருக்கிறது. சம்பந்தப்பட்ட எல்லோரும் வருடத்துக்கு இரண்டு தடவை ஒரே மண்டபத்தில் இருக்கிறோம். இந்த வசதி வயோமிங்கில் இல்லை.

வனவளத் திணைக்களத்தின் அச்சத்தையும் நேர்மையாகப் பேச வேண்டும். மாட்டுக்கு வழி திறந்தால் மாட்டின் பின்னால் கோடரியும் கட்டுத்துவக்கும் மணல் உழவு இயந்திரமும் போகும் என்கிறார்கள். அது வீண் பயம் இல்லை. கனகராயன் ஆற்றின் மணல் எப்படிப் போகிறது என்பது ஊருக்குத் தெரியும். காட்டு விலங்கை வேட்டையாடுவது 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றம் என்றிருந்தும் இறைச்சி விற்பனை நிற்கவில்லை. ஆகவே திறக்கும் வழி நடைவழியாகவும் மாட்டுவழியாகவும் மட்டும் இருக்கட்டும். தூண்களை மாடு நுழையும் அகலத்தில் நெருக்கி நட்டால் உழவு இயந்திரம் நுழையாது. எந்தப் பட்டி, எத்தனை மாடு, என்ன குறி, யார் மேய்ப்பவர் என்று கிராம அலுவலரிடம் பதிவு இருக்கட்டும். அந்த வழியில் ஒருவர் பொறி வைத்ததைக் கண்டும் மேய்ப்பவர்கள் வாய் திறக்காவிட்டால் வழியை மூடும் உரிமை திணைக்களத்துக்கு இருக்கட்டும். மாட்டுக்காரர்கள் இதற்கு உடன்பட வேண்டும்.

மாட்டுக்காரர்களின் கடமை அத்தோடு முடியாது. மேய்ப்பவர் இல்லாமல் பட்டியை அவிழ்த்துவிட்டு, மாலையில் வந்த மாட்டை மட்டும் எண்ணும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வழி கேட்கிறவர் ஆள் வைத்தே ஆக வேண்டும். பயிர் அழிந்தால் மத்தியஸ்த சபை வரை இழுக்காமல் கமக்காரர் அமைப்பு மதிக்கும் தொகையை அந்தப் போகத்துக்குள் கொடுக்க வேண்டும். வயல்காரருக்கு இருக்கும் கோபத்தில் பாதி, கேட்டும் கிடைக்காத நட்டஈட்டினால் வந்தது.

காணிக்காரர்களிடம் நாம் கேட்பது ஒரு கடப்பு. காணியை விட்டுத்தரக் கேட்கவில்லை. எல்லையோரமாகப் பத்தடி அகலத்தில், வருடத்தில் இரண்டு தடவை, முன்கூட்டிச் சொன்ன நாட்களில் மாடு போகத் திறக்கும் வழி. வழிக்கு இரு பக்கமும் வேலி போடும் செலவைப் பிரதேச சபையும் மாட்டுக்காரரும் ஏற்க வேண்டும். அதனால் காணியின் உரிமை குறையாது என்று பிரதேச செயலர் எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த எழுத்து மிக முக்கியம். நிலத்தைப் பலமுறை இழந்த சனத்திடம் வாய்மொழி உறுதி செல்லாது. படையினர் வசம் இருக்கும் அரச நிலங்களில் பழைய தடம் எங்கே போனதோ அங்கே வழி விடும்படி மாவட்டச் செயலகம் கேட்க வேண்டும். தனியாரிடம் பத்தடி கேட்டுவிட்டு அரசிடம் கேட்காமல் விட்டால், தனியாரும் தர மாட்டார்கள்.

நீர்ப்பாசனத் திணைக்களம் அலைகரையின் எல்லையைக் கல் நட்டுக் காட்ட வேண்டும். அலைகரைக்குள் பயிர் வைத்து வேலி போடும் பழக்கம் வன்னியின் சின்னக் குளங்களில் பரவிவருகிறது. இரணைமடுவிலும் அது தொடங்கினால், எத்தனை வழி திறந்தாலும் போய்ச்சேர இடம் இருக்காது.

தள்ளிப்போட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டக்களப்பில் பார்க்கிறோம். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைக்குள் வெளியிடங்களிலிருந்து வந்தவர்கள் பயிர் செய்யத் தொடங்கியதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் வீதியில் உட்கார்ந்தார்கள். அங்கே மேய்ச்சல்தரை அரசியல் மோதலாகவும் இனப் பிரச்சினையாகவும் முற்றிவிட்டது. இரணைமடுவில் இன்னும் அந்த நிலை இல்லை. வேலிக்கு இரு பக்கமும் நிற்பவர்கள் ஒரே கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள், ஒரே முகாமில் ஒரே வரிசையில் நின்றவர்கள்.

வரும் காலபோகக் கூட்டத்தில் கால்நடைகளை அப்புறப்படுத்தும் திகதியை எழுதும்போது, அதே வரியில் எந்த இடத்துக்கு, எந்த வழியால் என்பதையும் எழுதுங்கள். கால்நடை வளர்ப்போர் சங்கங்களின் பிரதிநிதிகளை அந்த மண்டபத்துக்கு அழையுங்கள், முன்வரிசையில் இருத்துங்கள். பழைய தடங்களை நடந்து காட்டக்கூடிய முதியவர்கள் வட்டக்கச்சியிலும் முரசுமோட்டையிலும் இராமநாதபுரத்திலும் இன்னும் இருக்கிறார்கள். மழை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் அவர்களோடு ஒரு நில அளவையாளரை அனுப்புங்கள்.