சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் வேண்டாம்

கமிட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஒரு எஸ்டிமேட்டைக் கொண்டுவந்து காட்டினார். நம் பக்கத்துப் பழைய சர்ச் ஒன்றுக்கு, கிறிஸ்துமஸுக்குள் பழைய காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூச்சு, உள்ளே நாலடி உயரத்துக்கு டைல்ஸ். "நீங்க பி.டபிள்யூ.டி.யில ஓவர்சியரா இருந்தவர், ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார். பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு வருத்தம். ஏன் சொன்னேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி சர்ச்சைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1678ல் ஆரம்பித்து 1680 அக்டோபர் 28ல் பிரதிஷ்டை ஆனது. கிளைவ் 1753ல் கல்யாணம் செய்துகொண்டது அங்கேதான். இங்கிலாந்து ஊர்களில் சர்ச் என்றால் பெரும்பாலும் கல்சுவர், மேலே சாய்வான மரக் கூரை. இங்கே அது சரிப்படாது என்று கட்டியவர்களுக்குப் புரிந்திருக்கிறது. பீரங்கிக் குண்டுக்குப் பயந்து, மரச்சட்டமே இல்லாமல், பீப்பாயைப் பிளந்து கவிழ்த்த மாதிரி வளைவுக் கூரை போட்டார்கள். கூரை இரண்டடி கனம், வெளிச்சுவர் நாலடி. அத்தனையும் செங்கல்லும் சுண்ணாம்பும்.

நம் பக்கம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ல் பிரதிஷ்டை ஆனது. முகப்பில் டென்மார்க் ராஜா நாலாம் பிரடெரிக்கின் கிரீட முத்திரை இருக்கும். சில மாதத்திலேயே, 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு காலமாகி அதற்குள்ளேயே அடக்கமானார். கடல் கூப்பிடு தூரம். 2004 சுனாமியில் சேதப்பட்டும் நிற்கிறது. நாகையிலேயே டச்சுக்காரர்கள் 1774ல் கட்டிய பேதுரு ஆலயம் இருக்கிறது. சொன்னவர் வெள்ளைக்காரராக இருக்கலாம். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, அரைத்துப் பூசுகிற வேலை இந்த மண்ணின் வேலை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் காரை அரைத்ததை எங்கள் தெருவில் நானே பார்த்திருக்கிறேன்.

உப்புக்காற்று ஊரில் சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு மேலே பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிட்டு வெள்ளையடித்தால் தீர்ந்தது. சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. உள்ளே தங்கிய உப்பு செங்கல்லையே பொடியாக்கும். டைல்ஸ் போட்டால் ஓதம் அதற்கு மேலே ஏறும், அவ்வளவுதான்.

இது புத்தகத்தில் படித்ததல்ல. அப்பா கட்டிய வீட்டுக்கு 1991ல் நானே முன்னின்று சிமெண்ட் பூசினேன். பார்க்க வந்த வயதான கொத்தனார், "தம்பி, உள்ள இருக்கிற ஓதம் எந்த வழியா போவும்?" என்று கேட்டார். டிப்ளமா படித்தவனுக்கு அவர் பேச்சு காதில் ஏறவில்லை. ஏழாவது வருஷம் கூடத்துச் சுவரில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் சுரண்ட முடிந்தது. அந்தச் சுவரை இடித்தே கட்ட வேண்டியதாயிற்று. அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

இங்கிலாந்திலும் பழைய சர்ச்சுகளில் சிமெண்ட் வைத்துப் பூசி, கல் பொரிந்து போனதைப் பார்த்து, இப்போது அதைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு வைக்கிறார்கள். பழைய கட்டடத்தைப் புதிதாக்குகிறேன் என்று கெடுக்காதீர்கள் என்று வில்லியம் மாரிஸ் 1877லேயே அங்கே ஒரு சங்கம் வைத்தார். அவர்கள் திருந்துகிற நேரத்தில் நாம் சிமெண்ட் மூட்டையை இறக்குகிறோம். சர்ச் மட்டுமில்லை, பழைய சிவன் கோயில் மதில், பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, நாள் பிடிக்கும், செலவும் கூட என்கிறார் நண்பர். மூன்றும் உண்மை. ஆள் கிடைக்கும் வரை வெறும் வெள்ளையடித்து விட்டால் சுவருக்கு ஒரு கெடுதலும் இல்லையே! அதுவுமில்லாமல் ஐப்பசி கார்த்திகை மழையில் எந்தக் காரை காயும்? கிறிஸ்துமஸுக்கு சீரியல் விளக்கு போடுங்கள், தை பிறந்ததும் கொத்தனாரைத் தேட நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறதாம்.