மாஞ்சோலைக்கு ‘தார்’ வண்டியா, ஜிம்னியா?

மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏறியவர்களைக் கேளுங்கள், இடுப்பு பதில் சொல்லும்! எங்கள் அண்ணன் ஆஃப்-ரோடு வண்டி வாங்கப் போகிறான். மஹிந்திரா தாரா, மாருதி ஜிம்னியா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம். நான் பார்க்கச் சொன்னது முன்பக்க சஸ்பென்ஷனை.

ஜிம்னியில் இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே ஆக்ஸில் பிணைக்கிறது. ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் மற்றது கீழே அழுந்தும், பிடிமானம் சட்டென விடாது. ஆனால், மெயின் ரோட்டுப் பள்ளத்தில் ஒன்று விழுந்தாலும் அடி மறுபக்கமும் தெரியும். 2020-ல் வந்த புதிய தாரில் டபுள் விஷ்போன். சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும், ஸ்டியரிங் அடங்கி நிற்கும். பாறைமேட்டில்தான் ஒரு சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கிவிடும்.

வனத்துறை அனுமதி கிடைத்து அண்ணன் மலையேறுவது வருஷத்துக்கு ஒருமுறை. மற்ற நாளெல்லாம் பாளையங்கோட்டை டு அம்பாசமுத்திரம், முன்சீட்டில் முதுகுவலிக்கார அம்மா. என் ஓட்டு டபுள் விஷ்போனுக்கு. அம்மா ஏறி உட்காரத்தான் ஒரு ஸ்டூல் வாங்கணும்!