அடைப்பு நீங்கிய பிறகு

சென்னை மேனாம்பேட்டில் ஒருவருக்கு வாய் கோணி, ஒரு பக்கக் கை செயலிழந்தால் 108-ஐ அழைக்கலாம். ஆனால் வண்டி சி.டி.எச். சாலை நெரிசலைத் தாண்டியாக வேண்டும். இத்தகைய பக்கவாதத்தில் மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன.

தொடை வழியே நுண்குழாய் செலுத்தி உறைகட்டியை எடுக்கும் சிகிச்சை பெரிய வரம். 5 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் ‘லான்செட்’ வெளியிட்ட கணக்கின்படி, இதைப் பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் 90 நாளில் பிறர் துணையின்றி வாழ்ந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26.5 சதவீதம்தான். அதாவது, இந்தச் சிகிச்சை பெற்றும் பாதிக்கும் மேற்பட்டோர் துணையின்றி வாழும் நிலைக்கு மீளவில்லை. “பிழைத்துவிட்டார், எழுந்து நடப்பாரா?” என்று கேட்கும் குடும்பத்துக்கு நேர்மையான பதில் தேவை.

வயது, பாதிப்பின் அளவு, ஸ்கேனில் சேதமான பகுதி, ரத்தச் சர்க்கரை, அறிகுறி தோன்றியபின் கடந்த நேரம் ஆகியவை பதிலின் பெரும்பகுதியைச் சொல்லும். சிகிச்சைக்கு மறுநாள் கைகால் அசைவும் பேச்சும் இருக்கும் நிலை இன்னும் தெளிவாகச் சொல்லும். எனினும் கணிப்பைக் காட்டி எவருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது. மூளையில் பெருஞ்சேதம் கண்டவர்களுக்கு இச்சிகிச்சையால் பயனில்லை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2022-ல் ஜப்பானிய ஆய்வு அதை மறுத்தது.

கணிப்பு சரியா என்று அறிய, நம் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொரு நோயாளியின் 90-ஆம் நாள் நிலையையும் பதிவு செய்ய வேண்டும். வீடு திரும்பும் நாளிலேயே வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் இயன்முறைப் பணியாளரிடம் அவர் பெயர் சேர வேண்டும்.