ஆளுக்கொரு பாடம்



சென்ற தவணை விடுமுறைக்குச் சற்று முன்னர் நான் படிப்பிக்கும் பாடசாலையில் அபிவிருத்திச் சங்கக் கூட்டமொன்று நடந்தது. நுழைவாயிலில் நடுவதற்குப் புதுப் பலகையொன்று செய்தாயிற்று. அதில் எழுத வேண்டிய தூரநோக்கும் பணிக்கூற்றும்தான் அன்றைய விடயம். ‘ஆற்றலும் ஒழுக்கமும் மிக்க நாளைய சந்ததி’ என்றார் ஒருவர். ‘சவால்’ என்ற சொல் கட்டாயம் வரவேண்டும் என்றார் இன்னொருவர். நானும் சும்மா இருக்கவில்லை. அரபுக் கல்லூரியில் படித்தவன் என்ற மிதப்பில் அடுக்குமொழியில் ஒரு வசனம் எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் தலையசைத்தார்கள்.

அப்போது பின்வரிசையில் இருந்த தாயொருவர் எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டார்: “மௌலவி, என்ட மகன் ஆறாம் ஆண்டு. அவனுக்கு ஒரு வரி நேரா வாசிக்கத் தெரியா. நீங்க எழுதப்போற பலகையில அவன் எங்க ஈக்கிறான்?”

அந்தப் பிள்ளைக்கு இரண்டு தவணையாக இஸ்லாம் பாடம் நடத்துபவன் நான். ஸூராக்களை அழகாக ஓதுவான். கேள்வி கேட்டால் வாயால் விடை சொல்வான். அவன் வாசிப்பதில்லை, பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் காதால் பிடித்துச் சொல்கிறான் என்பது எனக்குத் தெரியவேயில்லை. கை உயர்த்துகிற ஐந்தாறு பிள்ளைகளோடு நாற்பது நிமிடத்தையும் முடித்துவிட்டு, நல்ல பாடம் என்று திருப்தியோடு வெளியே வருகிற ஆசிரியர்களில் நானும் ஒருவன். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அன்றிரவு எனக்குச் சித்தி லெப்பை அவர்களின் நினைவு வந்தது. கண்டியில் பிறந்த அந்தச் சட்டத்தரணி (1838–1898) வாழ்ந்த காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தன. மார்க்கம் போய்விடுமோ என்ற அச்சத்தில் நம்மவர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எந்தப் பிள்ளை வெளியே நிற்கிறது என்று பார்த்து, அந்தப் பிள்ளைக்காகவே அவர் பாடசாலை திறந்தார். கண்டியில் பெண்களுக்கென்றும் ஒன்று திறந்தார். 1892இல் மருதானையில் ஸாஹிரா தோன்றியதற்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. இன்று நம் பிள்ளைகள் வாயிலுக்கு வெளியே இல்லை. வகுப்புக்குள்ளேயே, கடைசி வாங்கில், வெளியே இருக்கிறார்கள்.

சகோதரிகளே, நீங்கள் சிறுவயதில் ஓதிய குர்ஆன் மத்ரஸாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரே பாயில் முப்பது பிள்ளைகள். ஒன்று அலிஃபில் நிற்கும். ஒன்று அம்ம ஜுஸ்உவில். இன்னொன்று குர்ஆனை முடிக்கும் தறுவாயில். ஆளுக்கொரு பாடம். தன் பாடத்தைச் சரியாக ஒப்புவித்தால் அடுத்தது கிடைக்கும், இல்லாவிட்டால் நாளைக்கும் அதுவேதான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையின் பாடத்தைக் கேட்கும். யாரும் யாரையும் ‘வகுப்பில் பின்தங்கியவன்’ என்று சொன்னதில்லை. (அங்கிருந்த பிரம்பை மட்டும் நான் திரும்பக் கேட்கவில்லை!)

பிள்ளைக்குப் பிள்ளை கற்றுக் கொடுக்கும் இம்முறை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1789இல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியொன்றுக்குப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், அவ்வூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தம் விடுதியில் புகுத்தி, தேர்ந்த பிள்ளைகளைக் கொண்டு மற்றவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். திண்ணை மணல் கப்பலேறிப் போனது. நாம் வாங்குகளை வரிசையாகப் போட்டுக்கொண்டு, எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் படித்து முடிக்கும் என்று நம்பத் தொடங்கினோம்.

இப்போது சிலர் அந்த நம்பிக்கையைக் கைவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆந்திர மாநிலத்தில் மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷி வேலி என்னும் இடத்தில், ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகளில் எழுதினார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சிறு படம். சுவரில் ஓர் ஏணி. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். இதைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் கொண்டுபோனார்கள். ஆசிரியை பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்குக் கீழே இறங்கிச் சுவரைச் சுற்றி ஓடியது.

எல்லாம் இனிதே நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் புரிந்துகொள்ளாத இடத்தில் அட்டை வெறும் அட்டைதான். பிள்ளை எடுக்கும், வைக்கும், ஆசிரியர் அடையாளமிடுவார், எழுத்து மட்டும் வராது. பின்னர் 2022இல், கொரோனாவால் விழுந்த இடைவெளியை நிரப்ப ‘எண்ணும் எழுத்தும்’ என்றொரு திட்டம் அங்கே வந்தது. அதில் வகுப்பைப் பாராமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பெயரில் எவ்வளவு இரக்கம் பாருங்கள். அரும்பு என்றால் மக்கு என்று பொருளில்லையே.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டிலும் 1970களின் நடுப்பகுதியிலிருந்து சிறிய கிராமப் பாடசாலைகளுக்கு இதை ஒத்த முறையொன்று உண்டு. அறுவடைக் காலத்தில் தோட்டத்துக்குப் போய்விட்ட பிள்ளை திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். வகுப்பு அதை விட்டுவிட்டு ஓடிப்போயிருக்காது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் பிள்ளைகள் குறைந்துபோகும் நம் பாடசாலைகளை நினைத்துக்கொண்டேன்.

ஸீரா நூல்களில் ஒரு செய்தி வருகிறது. பத்ர் யுத்தத்தில் பிடிபட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள், ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் வைத்தார்கள். பலமுறை இதை மிம்பரில் சொல்லியிருக்கிறேன். இத்தனை நாள் கற்பித்தால் விடுதலை என்பதல்ல, பிள்ளை கற்றுக்கொண்டால் விடுதலை என்பதை இம்முறைதான் கவனித்தேன். அந்தக் கணக்கு எனக்கு வைக்கப்பட்டிருந்தால் இன்னும் கைதியாகவே இருந்திருப்பேன்.

நானும் தமிழ்ப் பாட ஆசிரியையும் அதிபரின் அனுமதியோடு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரையும் தனித்தனியே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். பாடப்புத்தகத்திலிருந்து அல்ல, அது மனனமாகியிருக்கும். தெரியாத ஒரு சிறு கதை கொடுத்தோம். ஏழு பேருக்கு எழுத்துக் கூட்டவும் வரவில்லை. இந்த ஏழில் இருவர் ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசில் வகுப்புகளுக்கு ஒழுங்காகப் போனவர்கள். தாய்மார் நகையை ஈடு வைத்துக் காசு கட்டியிருக்கிறார்கள். வினாத்தாள் வினாத்தாளாகச் செய்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று வகுப்பு நடத்தியவரும் பார்க்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

இப்போது கிழமையில் மூன்று நாள், முதல் பாடவேளையில், வகுப்பைப் பாயில் உட்கார வைக்கிறோம். அட்டைகளைத் தாய்மார் சிலர் பழைய கலண்டர்களிலும் பெட்டி மட்டைகளிலும் வெட்டித் தந்தார்கள். அந்தத் தாயும் வந்தார். தனக்கும் எழுத்துத் திருத்தமில்லை என்று கூச்சப்பட்டு, படம் மட்டும் வரைந்தார். அவர் வரைந்த கோழிதான் எங்கள் முதற்படியின் அடையாளம்.

நீங்களும் இன்றிரவு பிள்ளையைப் பக்கத்தில் வைத்து, சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டொன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். தடுக்கினால் ஏசாதீர்கள். நாளைக்கு வகுப்பாசிரியையிடம் போய், எத்தனையாம் பிள்ளை என்று கேட்காமல், எந்தப் படியில் நிற்கிறான் என்று கேளுங்கள். அவருக்கும் தெரியாதிருந்தால் கோபிக்க வேண்டாம், எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

மகன் இப்போது நான்காம் அட்டைக் கட்டில் நிற்கிறான். எப்போது முடிப்பான் என்று உம்மா கேட்டார். சொல்ல முடியவில்லை. நுழைவாயிலில் பலகை நட்டாயிற்று. பாடசாலையின் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது, கீழே இன்னும் வெறுமையாக இருக்கிறது. அடுத்த கூட்டம் வருகிற மாதம் முதல் சனிக்கிழமை, ளுஹருக்குப் பின்.