கத்திரியில் மழை: கெட்ட சரக்கின் நட்டம் யார் தலையில்?

கத்திரி என்றால் மே 4 முதல் 28 வரை என்று பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லிவிடுவோம். அந்த நாட்களில் எது ஓடும், எது தங்கும் என்பதும் நம் வணிகர்களுக்கு மனப்பாடம். அண்மைக் காலமாக அந்தக் கணக்கு தப்பிப் போகிறது. 2024 ஏப்ரலில் ஈரோடு, சேலம், கரூர் பரமத்தி பகுதிகளில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொளுத்தியது. குளுமைக்குப் பேர் போன உதகையிலேயே 29 டிகிரி பதிவாயிற்று. மூன்று வாரம் போவதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டு, மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. 2025இல் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் மே 24 அன்றே தொடங்கிவிட்டது. 2009க்குப் பிறகு இவ்வளவு முன்னதாக அது தொடங்கியதில்லை. கத்திரி முடியும் முன்பே பருவமழை!

மழை பெய்தால் நல்லதுதானே என்பார்கள். விவசாயத்துக்கும் குடிநீருக்கும் நல்லதுதான், மறுக்கவில்லை. மளிகைக் கடைக்கு மழையைவிட, மழைக்கு மறுநாள் அடிக்கும் வெயில்தான் எமன். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். நனைந்த தரையை வெயில் காய்ச்ச, அந்த ஈரமெல்லாம் காற்றில் ஏறி நம் கிட்டங்கிக்குள் வந்து உட்காருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு கசியத் தொடங்கும். வெல்லம் அதற்கு முன்பே இளகி, சாக்கின் அடியில் பாகாக ஓடும். ரவையிலும் மைதாவிலும் வண்டு, துவரம் பருப்பில் பொட்டு, அப்பளக் கட்டு நமுத்துப் போகும், புளி கறுக்கும். தீப்பெட்டிகூட உரசினால் பற்றாது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் உற்பத்தி நடக்கும் மாதங்களும் இவையே என்பதால், பாத்தியில் விழும் மழை சில நாட்களில் நம் கொள்முதல் விலையிலும் தெரிந்துவிடும்.

நிலக்கடலையையும் மிளகாய் வற்றலையும் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரம் ஏறிய கடலைப் பருப்பில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுவதும் போகாது, ஈரலைக் கெடுக்கும். களத்தில் நனைந்த வற்றலிலும் இதே ஆபத்து உண்டு. காய்ந்த சரக்கோடு கால் பங்கு நனைந்ததைக் கலந்து தள்ளிவிடும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது என்பதை நம் இதழிலேயே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கினாலும், சுகாதாரக் கேடாக வைத்திருந்தாலும், காலாவதியான பின் விற்றாலும் பொறுப்பு விற்பவர் தலையில்தான். மண்டியில் மூட்டை இறங்கும்போதே கையை உள்ளே விட்டுப் பார்த்து, சூடும் ஈரமும் தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்பும் துணிவு சில்லறைக் கடைக்காரருக்கு வேண்டும். அப்படித் திருப்பினால் கடன் கொடுப்பதை நிறுத்தும் மொத்த வியாபாரிகளும் இருக்கிறார்கள். அது நியாயமன்று.

சரி, ஒழுங்காக வாங்கி, மரச்சட்டத்தின் மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தும் சரக்கு கெட்டுவிட்டது. அப்புறம்? ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள். கெட்டு அழிக்கப்பட்ட, கணக்கிலிருந்து நீக்கப்பட்ட சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கும் போய், அதற்குக் கட்டிய வரியும் போகிறது. சில்லறையாக விற்கும் பருப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பொட்டல அரிசி, பருப்பு, மாவு எல்லாம் வரிக்குள் வந்துவிட்டன. திருட்டுக் கணக்கைத் தடுக்க வந்த பிரிவு அது என்று அதிகாரிகள் வாதாடலாம். ஈரத்தில் புழுத்த மைதாவை அதிகாரி முன்னாலேயே கொட்டி அழிக்க நாம் தயார். அதற்கு ஒரு நடைமுறை வகுத்து, வரவை அனுமதித்தால் அரசு குடிமுழுகிப் போகாது.

காப்பீட்டிலும் இதே ஓட்டைதான். 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் புயலும் வெள்ளமும் சேரும். வெள்ளமே வராமல், காற்றின் ஈரத்தால் மட்டும் வெல்லம் இளகினால் எந்தப் பாலிசியை நீட்டுவது?

நிறுவனங்களின் போக்கும் சொல்லத்தக்கது. மார்ச் மாதமே 'சம்மர் ஸ்கீம்' என்று குளிர்பானப் பெட்டிகளை இறக்கிவிட்டு, மழை வந்ததும் விற்பனைப் பிரதிநிதி தெருப்பக்கம் தலைகாட்டுவதில்லை. 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் விற்பனை மந்தமானதற்குப் பெரிய குளிர்பான நிறுவனங்களே பருவம் தப்பிய மழையைக் காரணம் காட்டின. பங்குதாரரிடம் சொல்ல மழை காரணம் ஆகிறது, கடைக்காரரிடம் தேங்கிய பெட்டியைத் திருப்பி எடுக்க மட்டும் ஆகாதா?

வரும் பேரவையில் இரண்டு தீர்மானங்கள் வேண்டும். ஒன்று, 17(5)(எச்) பிரிவில் உணவுப் பொருளுக்கு விலக்கு கேட்பது; மற்றொன்று, கோடைத் திட்டச் சரக்கில் விற்காததைத் திரும்பப் பெறும் ஒப்பந்தம். வெறுங்கையோடு போய் அமைச்சரைப் பார்ப்பதில் பயனில்லை. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் கெட்டுப்போன சரக்கின் பெயர், எடை, கொள்முதல் பில், அழித்த தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து, புகைப்படத்தோடு வட்டாரச் செயலாளரிடம் ஒப்படையுங்கள்.