எல்லாப் பிள்ளைக்கும் எட்டும் பாடம்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது புதிய தவணை தொடங்கியிருக்கும். லிந்துலையிலும் அக்கரப்பத்தனையிலும் டயகமவிலும் பிள்ளைகள் சீருடைக்கு மேல் சுவெட்டரை மாட்டிக்கொண்டு மலைப்பாதைகளில் இறங்கி வந்துகொண்டிருப்பார்கள். ஆசிரியர்களாகிய நீங்கள் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நேரம் பார்த்தே இம்மாதம் இதைச் சொல்கிறேன். பாடத்தை ஆயத்தம் செய்யும்போதே கண் மங்கலான பிள்ளையையும், காது மந்தமான பிள்ளையையும், எழுத்துக் கூட்டித் திணறுகிற பிள்ளையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடம் முடிந்த பிறகு அவர்களுக்கென்று தனியாக ஏதாவது செய்வோம் என்று ஒத்திவைத்தால், அந்த ‘பிறகு’ பெரும்பாலும் வருவதே இல்லை.

தொழில்நுட்பம் என்றதும் நம் பாடசாலைகளில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஸ்மார்ட் வகுப்பறையும் பெரிய திரையும்தான். யாராவது நன்கொடை தந்தால் விழா எடுத்துத் திறந்து வைக்கிறோம். நல்லதுதான், வரட்டும். ஆனால் நான் பேச வருவது அதைப் பற்றியல்ல. உங்கள் கையில் இருக்கிற போனைக் கொண்டே செய்யக்கூடிய காரியங்களைப் பற்றி.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தோட்டப்புறத்தில் பாடம் எப்படிப் போனது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப் குழு ஒன்று. அதில் ஆசிரியர் கையால் எழுதிய குறிப்பின் புகைப்படங்கள். லயத்தில் வீட்டுக்கு ஒரே போன். அது அப்பாவோடு கொழும்பிலிருக்கும், இல்லையென்றால் அம்மாவோடு மலையிலிருக்கும். கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வீடு திரும்பிய பிறகே பிள்ளை கையில் போன் கிடைக்கும். அதற்குப் பிறகு சிக்னல் தேட வேண்டும், டேட்டா தீர்ந்திருந்தால் ரீலோட் போட வேண்டும். ஆசிரியர்கள் அந்த நாட்களில் தங்கள் சொந்தக் காசில் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புகைப்படம் யாருக்கெல்லாம் எட்டவில்லை என்று இன்று நிதானமாக எண்ணிப் பார்க்கலாம். கண் மங்கலான பிள்ளைக்கு எட்டவில்லை. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு எட்டவில்லை. எழுத்து வாசனையே இல்லாத அப்பாயியோடு வீட்டில் இருந்த பிள்ளைக்கு, அதைப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டவும் ஆளில்லை.

அதே பாடத்தை மூன்று நிமிடக் குரல் பதிவாக அனுப்பினால், அது ஏறக்குறைய அரை எம்பிக்குள் அடங்கிவிடும். அதையே வீடியோவாக எடுத்தால் பல மடங்கு டேட்டா போகும். குரலை இரவில் ஒரு தடவை இறக்கிக்கொண்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். சிக்னலே இல்லாத பிரிவு என்றால் மெமரி காட்டில் போட்டுக் கொடுக்கலாம், புளூடூத்தில் ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். 

குரலில் படிப்பது இரண்டாந்தரப் படிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் காமன் கூத்துப் போடுகிறவர்களைப் பாருங்கள். ரதியும் மதனும் இரவிரவாகப் பாடுகிற பாட்டுகளை வாத்தியார் வாயிலிருந்து கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள். நம் தலவாக்கலைத் தொகுதியை 1947இல் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்த சி.வி. வேலுப்பிள்ளை மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்தபோது, அவற்றைத் தாளிலிருந்து எடுக்கவில்லை; மக்களின் வாயிலிருந்துதான் எடுத்தார். செவிவழிக் கல்வி நம் மக்களுக்குப் பழகிய கல்வி.

இனி, நம்மில் பலர் கவனிக்காத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பார்வையற்றவர்கள் கணினியில் வாசிப்பதற்குத் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தை அது குரலாக்கிச் சொல்லும். அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் முழுக்க இலவசம், தமிழும் வாசிக்கும். அன்ட்ராய்ட் போன்களில் டோக்பேக் என்ற பெயரில் இதே வசதி உண்டு. அப்படியென்றால் நம் பார்வையற்ற மாணவர்கள் தமிழ்ச் செயலட்டைகளை வாசித்துவிடலாமே? வாசிக்க முடிவதில்லை. காரணம், நாம் தட்டச்சு செய்கிற விதம்.

நம் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் இன்றும் பாமினி எழுத்துரு பரவலாகப் புழங்குகிறது. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் நம் கண்ணுக்கு அம்மா என்றுதான் தெரியும். ஆனால் கணினிக்குள் பதிவாவது ஆங்கில விசைகள்: எம், கே, செமிகோலன், கே, எச். தமிழ் எழுத்தின் உருவம் அதன் மேல் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். திரைவாசிப்பான் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைச் சொல்கிறது. ஆகவே அம்மா என்ற சொல்லுக்குப் பதிலாகப் பிள்ளையின் காதில் விழுவது பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். ஒரு முழு வினாத்தாளை இப்படிக் கேட்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தாளை ஸ்கேன் எடுத்துப் படமாக அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம்: எதுவுமே கேட்காது.

தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினிக்குள் பதிவு செய்கிற யுனிகோட் முறையில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் நாம் பழைய எழுத்துருவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பழக்க தோஷம் என்றே சொல்வேன். விசைப்பலகை பழகிவிட்டது என்கிறவர்கள் வழக்கம்போல் பாமினியிலேயே அடித்துவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் ஒட்டி யுனிகோட்டாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிமிட வேலை. விரலால் எழுதுவதே சிரமமான பிள்ளைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2017 முதல் கூகுள் குரல்வழித் தட்டச்சு தமிழிலும் கிடைக்கிறது. பிள்ளை பேசினால் எழுத்து வரும். பிரட்டு, கொந்தரப்பு போன்ற நம் தோட்டத்துச் சொற்களில் அது தடுமாறக்கூடும். ஆசிரியர் திருத்திக் கொடுத்தால் போதும்.

ஒரே பாடத்தைப் பல வழிகளில் கொடுக்கும் இந்த எண்ணத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1984இல் காஸ்ட் என்ற ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. இயலாமையுள்ள பிள்ளைகள் அச்சுப் புத்தகத்தோடு ஒத்துப்போகக் கணினி எப்படி உதவும் என்று பார்ப்பதே அவர்களுடைய முதல் வேலை. சில வருடங்களில் அவர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். குறை பிள்ளையிடத்தில் இல்லை, ஒரே வடிவத்தில் செய்யப்பட்ட பாடத்தில்தான் இருக்கிறது என்றார்கள். கற்றலுக்கான அனைவருக்குமான வடிவமைப்பு என்று இன்று ஆசிரியர் பயிற்சிகளில் பேசப்படுவது அங்கிருந்து வந்தது. ஒரே விஷயத்தைப் பல வழிகளில் காட்டு, தான் அறிந்ததைப் பல வழிகளில் வெளிப்படுத்தப் பிள்ளைக்கு இடம் கொடு, ஆர்வத்தைப் பல வழிகளில் தூண்டு என்பதே அதன் சாரம். ஒரே அறையில் ஐந்து வகுப்புகளை வைத்துக்கொண்டு தனியாளாகக் கற்பித்த பழைய தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. 

ஓர் உதாரணம் சொல்கிறேன். கணிதத்தில் நிறை பற்றிய பாடம். நம் பிள்ளைகளுக்குக் கிலோ என்பது புத்தகத்துச் சொல் அல்ல, வீட்டில் தினமும் அடிபடுகிற சொல். இரண்டு நிமிடக் குரல் பதிவில் இப்படிக் கேளுங்கள்: “அம்மா காலையில ஆறு கிலோ, பகல் ஒன்பது கிலோ, பின்னேரம் ஏழு கிலோ கொழுந்து எடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சாங்க. அம்மா பேர்ல எத்தனை கிலோ விழும்?” இருபத்திரண்டில் மூன்று போக, பத்தொன்பது. இதே கேள்வியை யுனிகோட்டில் தட்டச்சு செய்து அதே குழுவில் போடுங்கள். காது கேளாத பிள்ளை வாசிக்கும், பார்வையற்ற பிள்ளையின் போன் வாசித்துக் காட்டும். மூன்று சாக்குகளை வரைந்து, கீழே எண்ணெழுதி ஒரு படம் போடுங்கள். கடையில் வாங்கிய ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை ஒரு கையிலும், அரைக் கிலோப் பருப்பை மறு கையிலும் ஏந்திப் பார்க்கச் சொல்லுங்கள். கண் தெரியாத பிள்ளைக்கு மட்டுமில்லை, எல்லாப் பிள்ளைக்கும் நிறை என்றால் என்னவென்று அப்போதுதான் உறைக்கும். விடையைச் சிலர் கொப்பியில் எழுதட்டும், சிலர் குரலில் சொல்லி அனுப்பட்டும். கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சும்மா இருக்கப் பொறுக்காது. கழிப்பதால் ஒரு மாதத்தில் எத்தனை கிலோ குறையும் என்று அதைக் கணக்குப் பார்க்க விடுங்கள். அந்தக் கணக்கு வீட்டாருக்கும் பிரயோசனப்படும்.

வாசிப்பில் திணறுகிற பிள்ளைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘கொழுந்து’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் அது பிறந்தது முதல் கேட்ட சொல். தாளில் பார்க்கும்போது முதலில் ஒரு கொம்பு, பிறகு க, பிறகு ஒரு கால். காதுக்கு முதலில் வருவது ககரம், கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. பெரும்பாலான பிள்ளைகள் இதைச் சட்டென்று கடந்துவிடுகிறார்கள். சில பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், நாம் அவர்களை மந்தம் என்று முத்திரை குத்திப் பின்வாங்கில் உட்கார வைத்துவிடுகிறோம். எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு இடையே இடம் விட்டு, ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரி மட்டும் போட்டு, கூடவே அதே வரிகளை நிதானமாக வாசித்த குரலையும் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை கண்ணால் தொடர்ந்துகொண்டே காதால் கேட்கட்டும். இதற்கு ஒரு சாதாரண போன் போதும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிற பிள்ளைக்கு முதலில் தேவை மூக்குக் கண்ணாடி, மென்பொருள் அல்ல. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அடங்காப்பிடாரி என்று சொல்லும் முன் காதைப் பரிசோதிக்க அனுப்புங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் அந்தப் பிள்ளை வராமல் விட்டுவிடாதபடி பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. 2016இல் இலங்கை மராக்கேஷ் உடன்படிக்கையில் இணைந்தது. அச்சுப் புத்தகத்தைப் பார்வையற்றோருக்கான ஒலிநூலாகவும் பிரெயிலாகவும் மாற்றுவதற்குப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆயத்தமாகக் கிடைக்கும் பாடங்களும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2018 முதல் பாடநூல்களிலேயே கியூஆர் குறியீடு அச்சிட்டு, போனில் பிடித்தால் பாடக் காணொளி வரும்படி செய்தார்கள். நம் நாட்டில் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்களும் உண்டு. ஆனால் எங்கோ செய்த பாடத்துக்கு நம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் இருக்கிற பிள்ளையைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். 

ஆகவே உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் தம்பி தங்கைகளே, கற்பித்தல் பயிற்சிக்கு ஆயத்தம் செய்கிற பாடங்களில் ஒன்றையாவது குரல், எழுத்து, தொட்டுப் பார்க்கும் பொருள் என்று மூன்று வடிவங்களிலும் செய்து பாருங்கள். அதிபர்களே, இந்தத் தவணைப் பரீட்சைத் தாள்களை யுனிகோட்டில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். செலவு ஒரு சதமும் இல்லை. பெற்றோரே, பிள்ளைக்குப் பார்வையோ செவிப்புலனோ குறைவென்றால் மறைக்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பாடங்களைக் குரலில் பதிவு செய்த ஆசிரியர்கள் எங்களுக்கு எழுதுங்கள். எந்தப் பாடம், எந்தத் தரம், பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்த இதழில் வெளியிடுவோம். மற்றத் தோட்டத்து ஆசிரியர்களுக்கும் அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்
லிந்துலை